வெற்றியும் மானமும்: ஸான் பிரான்ஸிஸ்கோ சர்வகலாசாலையின் கூடைப்பந்து வரலாறு

ஒரு கலாசாலையின் பந்தாட்டக் கோஷ்டியைப் பற்றித் தலையங்கப் பக்கத்தில் எழுத வேண்டிய அவசியம் என்ன என்று வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஜயாபஜயங்களைக் கணக்கிட்டுக் காட்டுவதற்கு விளையாட்டுப் பக்கம் இருக்கிறது. ஆனால், புகழா மானமா, இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்ற நெருக்கடி ஒரு ஸ்தாபனத்துக்கு நேரும்போது அது எதைக் கைக்கொள்கிறது, எதைக் கைவிடுகிறது என்பது பொதுவாழ்வில் ஈடுபட்டிருக்கும் ஒவ்வொருவரும் கவனிக்கத்தக்க விஷயமாகும். அமெரிக்காவின் மேலைக் கரையிலுள்ள ஸான் பிரான்ஸிஸ்கோ சர்வகலாசாலைக்கு அத்தகைய நெருக்கடி ஏறக்குறைய முப்பது வருஷ இடைவெளியில் இரு முறை நேர்ந்தது. இரண்டிலும் அது நடந்துகொண்ட விதத்தை நம் வாசகர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூடைப்பந்து ஆட்டம் நமக்குப் புதிதன்று. 1891-ம் வருஷத்தில், மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்திலுள்ள ஸ்பிரிங்பீல்டு நகரில், வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் பயிற்சிப் பள்ளி ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர், பனிக்காலத்தில் வெளியே சென்று விளையாட இயலாத மாணவர்களுக்காக இதை வகுத்தார். பீச் பழம் வைக்கும் இரண்டு கூடைகளைப் பத்தடி உயரத்தில் ஆணியடித்துப் பொருத்தினார், ஆட்டம் பிறந்தது. அதே ஸ்பிரிங்பீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர்தாம் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.ஸி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கியவர். ஆகவே, மூலம் ஒன்றே. நம்மூர் மாணவர்கள் ஆடும் ஆட்டமும் நாம் இங்கே சொல்லப்போகும் ஆட்டமும் ஒரே வேரில் கிளைத்தவை.

ஏழைக் கலாசாலை

ஸான் பிரான்ஸிஸ்கோ சர்வகலாசாலை 1855-ம் வருஷத்தில் சேசு சபைப் பாதிரிமாரால் ஒரு சிறு பள்ளியாக ஸ்தாபிக்கப்பட்டது. 1906-ம் வருஷத்துப் பூகம்பத்திலும், அதைத் தொடர்ந்து நகரை விழுங்கிய பெருந்தீயிலும் அதன் கட்டிடம் அழிந்தது. மறுபடியும் தலையெடுத்து, 1930-ல் இப்போதைய பெயரைப் பெற்றது. அமெரிக்காவில் ராஜ்ய சர்க்கார்களின் மானியத்தைக் கொண்டு நடக்கும் மாபெரும் சர்வகலாசாலைகளுடன் ஒப்பிட்டால் இது மிகவும் சிறியது, பணமும் குறைவு. கூடைப்பந்து ஆடுவதற்குச் சொந்தமாக ஒரு கூடம்கூட அதற்கு நெடுங்காலம் கிடையாது. அருகிலிருந்த உயர்தரப் பள்ளியின் கூடத்தில் பயிற்சி செய்வார்கள். பந்தயங்களை நகரின் பொது மண்டபங்களில் ஆடுவார்கள். வீடில்லாக் கோஷ்டி என்று பத்திரிகைகள் பரிகசித்ததும் உண்டு.

இத்தகைய கலாசாலை 1949-ல் நியூயார்க்கில் நடந்த தேசிய அழைப்புப் பந்தயத்தில், இறுதி ஆட்டத்தில் சிக்காகோ லயோலா கலாசாலையை 48-க்கு 47 என்ற கணக்கில், ஒரே புள்ளி வித்தியாசத்தில் வென்றது. அக்காலத்தில் அதுவே நாட்டின் மிகக் கௌரவமான பந்தயங்களுள் ஒன்று. அந்தக் கோஷ்டியைப் பயிற்றுவித்தவர் பீட் நியூவெல். அவர் 1950-ல் விலகிச் சென்றார். அவருடைய இடத்துக்கு பில் உல்பர்ட் என்பவர் வந்தார். இந்த உல்பர்ட்டின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கூடைப்பந்துக்கு முன்னால், அதே கலாசாலையின் அமெரிக்கக் கால்பந்துக் கோஷ்டி 1951-ல் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டியது அவசியம். அவ்வருஷம் அக்கோஷ்டி ஒன்பது பந்தயங்களில் ஒன்பதிலும் வென்றது. வழக்கப்படி, தென்னாட்டில் நடைபெறும் பெரும் பந்தயமொன்றுக்கு அழைப்பு வந்திருக்க வேண்டும். ஆனால், ஆலி மாட்ஸன், பர்ல் டோலர் என்ற இரண்டு கறுப்பின வீரர்களை வீட்டில் விட்டுவிட்டு வந்தால்தான் ஆடலாம் என்ற நிபந்தனை தெரிய வந்தது. மற்ற வீரர்கள், அனைவரும் வெள்ளையர், ஒருமுகமாக மறுத்துவிட்டார்கள். பெரும் பந்தயத்துக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய பணமும் போயிற்று. அந்தப் பருவத்துடன் கால்பந்துக் கோஷ்டியே பணமில்லாமல் கலைக்கப்பட்டது. தோழர்களை விட்டுக்கொடுப்பதைக் காட்டிலும் ஆட்டத்தை விட்டுக்கொடுப்பது மேல் என்று அவ்வாலிபர்கள் கருதினார்கள். இந்த முன்மாதிரி அக்கலாசாலையின் சுவர்களுக்குள் உயிரோடிருந்தபோதுதான் கூடைப்பந்தின் பொற்காலம் தொடங்கிற்று.

ரஸ்ஸலும் ஜோன்ஸும்

பில் ரஸ்ஸல் 1934-ல் லூயிஸியானா ராஜ்யத்தில், மன்ரோ என்ற ஊரில் பிறந்தார். நிறவெறியின் கொடுமை தாங்காமல் தென்னாட்டை விட்டு மேலைக் கரைக்குக் குடிபெயர்ந்த ஆயிரக்கணக்கான கறுப்பினக் குடும்பங்களில் அவருடைய குடும்பமும் ஒன்று. ஓக்லண்டு நகரில் வளர்ந்தார். பன்னிரண்டாம் வயதில் தாயை இழந்தார். உயர்தரப் பள்ளியில் அவரை ஒருவரும் பெரிய ஆட்டக்காரராக மதிக்கவில்லை. அவருக்கு உபகாரச் சம்பளம் கொடுக்க முன்வந்த கலாசாலை நாடு முழுவதிலும் ஒன்றே ஒன்றுதான். அதுவே ஸான் பிரான்ஸிஸ்கோ. அங்கே அவருடன் ஒரே அறையில் தங்கியவர் கே. ஸி. ஜோன்ஸ். இருவரும் இரவு நேரங்களில் பந்து எந்தக் கோணத்தில் வந்து எங்கே விழும், எதிரியை எந்த இடத்துக்குத் தள்ள வேண்டும் என்று க்ஷேத்திர கணிதம் படிப்பவர்களைப் போல ஆராய்ந்துகொண்டிருப்பார்களாம்.

அந்த ஆராய்ச்சி வீண்போகவில்லை. காப்பாட்டம் ஆடுபவன் தரையை விட்டுக் கால் எடுக்கக் கூடாது என்பது அதுவரை ஆசிரியர்கள் போதித்து வந்த பாடம். ரஸ்ஸல் எழும்பிக் குதித்து, எதிரியின் கையைவிட்டுப் புறப்பட்ட பந்தை ஆகாயத்திலேயே தட்டினார். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. பலர் பந்தை ஆரவாரத்துடன் கூட்டத்துக்குள் அடித்துத் தள்ளுவார்கள்; அதனால் பந்து திரும்பவும் எதிரிக்கே போய்ச் சேரும். ரஸ்ஸலோ மெல்லத் தட்டித் தன் தோழனிடம் சேர்ப்பித்தார். எதிரியின் தாக்குதலே தம்முடைய தாக்குதலுக்குத் தொடக்கமாயிற்று. கூடைப்பந்தில் காப்பாட்டத்துக்கு இருந்த இடமே இதனால் மாறிப்போயிற்று.

1954-55-ம் வருஷத்துப் பருவத்தில் உல்பர்ட், ரஸ்ஸல், ஜோன்ஸ், ஹால் பெர்ரி ஆகிய மூன்று கறுப்பின வீரர்களை ஆட்டத்தைத் தொடங்கும் ஐவரில் சேர்த்தார். இன்று இது அற்ப விஷயமாகத் தோன்றலாம். அன்று பெரிய கலாசாலை எதுவும் இதைச் செய்ததில்லை. ஒருவர் இருக்கலாம், மிஞ்சினால் இருவர். அதற்கு மேல் கூடாது என்று எழுதாத சட்டமொன்று நாடெங்கும் அமலில் இருந்தது. உல்பர்ட்டுக்கு வசைக் கடிதங்கள் வந்தன. அவர் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. ஆடத் தெரிந்தவனை ஆட விடுவது ஆசிரியனுடைய கடமை என்பதற்கு மேல் அவர் சித்தாந்தம் எதுவும் பேசவில்லை.

அந்த டிஸம்பர் மாதம் ஓக்லஹோமா நகரில் ஒரு பந்தயத்துக்குக் கோஷ்டி சென்றது. பள்ளிகளில் நிறப் பிரிவினை சட்ட விரோதம் என்று அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து ஏழு மாதங்கள்தாம் ஆகியிருந்தன. நகரின் நடுவிலிருந்த ஹோட்டல்கள் கறுப்பின வீரர்களுக்கு அறை கொடுக்க மறுத்தன. வெள்ளை வீரர்கள் ஹோட்டலில் சௌகரியமாகத் தங்கியிருக்கலாம். ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் கோஷ்டி முழுவதும், விடுமுறைக்காக மூடப்பட்டிருந்த ஒரு கல்லூரி விடுதியில் ஒன்றாகத் தங்கியது. பயிற்சியின்போது அவ்வூர் ஜனங்களில் சிலர் ஆட்டக்காரர்கள்மீது காசுகளை வீசி அவமதித்தார்கள். அவ்வளவையும் தாங்கிக்கொண்டு, பந்தயத்தை வென்றுவிட்டு ஊர் திரும்பினார்கள்.

ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். அவமானம் மூன்று பேருக்கு இழைக்கப்பட்டது. அதைப் பங்கிட்டுக்கொண்டவர்கள் அனைவரும். ஒற்றுமையைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம். பாதிக்கப்படாதவன், தனக்குக் கிடைக்கும் சௌகரியத்தை வேண்டாமென்று ஒதுக்கிவிட்டுப் பாதிக்கப்பட்டவனுடன் போய்ப் படுப்பதுதான் ஒற்றுமை என்பதை அந்த விடுதி காட்டிற்று.

வெற்றிகளை விரைவாகச் சொல்லிவிடலாம். 1954-55-ல் அக்கோஷ்டி 28 பந்தயங்களில் வென்று ஒன்றில் மட்டும் தோற்றது. கான்ஸாஸ் நகரில் நடந்த தேசிய இறுதி ஆட்டத்தில் லா ஸால் கலாசாலையை 77-க்கு 63 என்று முறியடித்தது. அடுத்த வருஷம் 29 பந்தயங்களில் 29 வெற்றி. 1956-ம் வருஷத்து இறுதி ஆட்டத்தில், விதிப்படி ஜோன்ஸ் ஆட இயலாத நிலைமையிலும், அயோவா கலாசாலையை 83-க்கு 71 என்று வென்றது. ரஸ்ஸல் அன்று 26 புள்ளிகள் எடுத்தார். வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்துகளில் 27-ஐக் கைப்பற்றினார். ரஸ்ஸல் வெளியேறிய பின்னரும் தொடர்ந்த வெற்றி வரிசை, 1956 டிஸம்பரில் இல்லினாய் கலாசாலையிடம் தோற்றபோதுதான் முடிந்தது. அதற்குள் தொடர்ச்சியாக அறுபது வெற்றிகள் சேர்ந்திருந்தன. கூடைக்குக் கீழே ஆறடி அகலமாயிருந்த தடையிடத்தைப் பன்னிரண்டு அடியாக்கி விதியையே மாற்றினார்கள். ஒரு மாணவனைக் கட்டுப்படுத்துவதற்காக ஒரு தேசத்தின் விளையாட்டு விதி திருத்தப்பட்டது என்று அப்போது பேசிக்கொண்டார்கள்.

அந்த 1955-56-ம் வருஷத்துப் பனிக்காலம் மற்றொரு வகையிலும் மறக்க முடியாதது. அதே மாதங்களில்தான் அலபாமா ராஜ்யத்தில், மாண்ட்கமரி நகரின் கறுப்பின மக்கள், பஸ்களில் நிறப் பிரிவினையை எதிர்த்து, பஸ் ஏறாமல் கால்நடையாகவே வேலைக்குச் சென்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைமை வகித்த மார்ட்டின் லூதர் கிங், மகாத்மா காந்தியின் சத்தியாக்கிரக முறையைத் தமக்கு வழிகாட்டியாகக் கொண்டவர். பந்தாட்டத்தையும் அந்த அறப்போரையும் சமமாக வைப்பது பேதைமை. எனினும், கறுப்பு மனிதன் தலைமை தாங்கினால் வெற்றி கிடைக்காது என்ற பொய்யை உடைக்க மைதானமும் ஓரளவு உதவிற்று என்பதை மறுப்பதற்கில்லை.

ரஸ்ஸல் 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஜோன்ஸுடன் சேர்ந்து தங்கப் பதக்கம் பெற்றார். பிறகு பாஸ்டன் நகரத் தொழில்முறைக் கோஷ்டியில் சேர்ந்து, பதின்மூன்று பருவங்களில் பதினொரு தடவை அதை முதலிடத்துக்குக் கொண்டுவந்தார். 1966-ல் அந்தக் கோஷ்டிக்கே பயிற்சியாசிரியரானார். என்.பி.ஏ. என்னும் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தில் அப்பதவியை வகித்த முதல் கறுப்பர் அவரே. 1963-ல் வாஷிங்டனில் நடந்த பெரும் ஊர்வலத்தில் கலந்துகொண்டார். 1967-ல், வியத்நாம் யுத்தத்துக்குப் போக மறுத்த முகம்மது அலியைப் பகிரங்கமாக ஆதரித்தார். 2022-ல் காலமானார். அவருடைய ஆசிரியர் உல்பர்ட் 1959-ல் கலாசாலையை விட்டு விலகினார். பின்னாளில் வாஷிங்டன் ராஜ்யத்தில் ஒரு சிற்றூரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டு அமைதியாக வாழ்ந்து 1987-ல் மறைந்தார்.

புகழின் விலை

ஏழ்மையில் வராத கேடு செல்வாக்கில் வந்தது. 1958-ல் கலாசாலைக்குச் சொந்தமாக ஆட்டக் கூடம் கட்டப்பட்டது. கோஷ்டி நெடுங்காலம் பெயரோடு விளங்கிற்று. 1976-77-ம் வருஷத்துப் பருவத்தில் முதல் 29 பந்தயங்களிலும் வென்று, நாட்டிலேயே முதலிடம் என்று மதிக்கப்பட்டது; கடைசி இரண்டு பந்தயங்களில் தோற்றது. ரஸ்ஸல் காலத்துப் புகழைத் திரும்பவும் காண வேண்டுமென்ற ஆவல் பழைய மாணவர்களையும் தனவந்தர்களான அபிமானிகளையும் பற்றிக்கொண்டது. ஆவல் பேராசையாயிற்று.

அமெரிக்கக் கலாசாலைகளில் அக்காலத்திய விதி இதுதான்: மாணவ ஆட்டக்காரருக்குக் கல்விக் கட்டணம், உணவு, இருப்பிடம் ஆகியவற்றுக்கான உபகாரச் சம்பளம் கொடுக்கலாம்; ஆட்டத்துக்காகப் பணம் கொடுக்கக் கூடாது. இந்த விதியை மீறி, அபிமானிகள் ஆட்டக்காரர்களுக்கு ரகசியமாக உதவி செய்யத் தலைப்பட்டார்கள். தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் சில வருஷங்களுக்குள் இரு முறை கலாசாலையைத் தண்டித்தது. பயிற்சியாசிரியர்கள் மாற்றப்பட்டனர், வாக்குறுதிகள் தரப்பட்டன. நோய் மாறவில்லை.

1982-ல் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. கோஷ்டியின் தலைசிறந்த ஆட்டக்காரர்மீது, கலாசாலை விடுதியில் ஒரு மாணவியைத் தாக்கியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்த விசாரணையின்போதே மற்றொரு விஷயமும் வெளிப்பட்டது: அபிமானி ஒருவருடைய ஸ்தாபனத்தில், செய்யாத வேலைக்காக அவருக்கு மாதந்தோறும் ஆயிரம் டாலர் சம்பளம் கொடுக்கப்பட்டு வந்தது.

அவ்வருஷம் ஜூலை 29-ந் தேதி, சர்வகலாசாலையின் தலைவர் ஜான் லோ ஸ்கியாவோ பாதிரியார், கூடைப்பந்துக் கோஷ்டியைக் கலைத்துவிட்டதாக அறிவித்தார். விளையாட்டுச் சங்கம் அவ்வாறு உத்தரவிடவில்லை. எந்த நீதிமன்றமும் கட்டளையிடவில்லை. இரண்டு தேசிய வெற்றிகளையும் அறுபது தொடர் வெற்றிகளையும் கண்ட கோஷ்டியைக் கலாசாலை தன் கையாலேயே கலைத்தது. இக்கோஷ்டியால் கலாசாலையின் நேர்மைக்கும் நற்பெயருக்கும் நேர்ந்த நஷ்டம், பணத்தால் அளக்கக்கூடிய நஷ்டங்களைவிட மிகப் பெரிது என்பதே அவர் கூறிய காரணத்தின் சாரம்.

ஆட்சேபங்களும் நம் அபிப்பிராயமும்

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதா என்று கேட்பவர்கள் உண்டு. குற்றமற்ற மாணவர்களும் அந்தக் கோஷ்டியில் இருந்தார்கள். அவர்கள் வேறு கலாசாலைகளைத் தேடிப் போக நேர்ந்தது. ரகசியமாகப் பணம் கொடுத்த தனவந்தர்களுக்கு நேர்ந்த நஷ்டம் ஒரு பொழுதுபோக்கு மட்டுமே. படிக்கவும் ஆடவும் வந்த ஏழை வாலிபர்களுக்கு நேர்ந்ததோ இடமாற்றமும் மனக்கஷ்டமும். இந்த ஆட்சேபத்தை நாம் இலேசாகத் தள்ளிவிட விரும்பவில்லை.

மற்றோர் ஆட்சேபமும் நியாயமானதே. கலாசாலை இரு முறை தண்டிக்கப்பட்டபோதே விழித்துக்கொண்டிருக்கலாம். ஒரு பெண் கொடுமைக்கு உள்ளாகி, நீதிமன்றம் வரை விஷயம் போன பிறகுதானா மானம் நினைவுக்கு வர வேண்டும்? அந்த மாணவியின் துயரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, தலைவரின் தைரியத்தை மட்டும் புகழ்வது நீதியாகாது. லோ ஸ்கியாவோவின் முடிவு காலதாமதமாக வந்தது என்றே நாம் கருதுகிறோம்.

ஆயினும், தாமதமாகவேனும் அம்முடிவைச் செய்தவர்கள் எத்தனை பேர்? ஊழல் வெளிப்பட்டவுடன் கீழ்ப்பட்ட ஒருவரை நீக்கிவிட்டு, விசாரணைக் குழு ஒன்றை நியமித்துவிட்டு, அடுத்த பந்தயத்துக்குத் தயாராவதே எங்கும் காணும் வழக்கம். அந்த வழியைக் கலாசாலையும் இரு முறை கடைப்பிடித்துப் பார்த்தது, பலனில்லை. யார் யார் பணம் கொடுக்கிறார்கள் என்று தேடிக்கொண்டிருப்பதைவிட, எதற்காகக் கொடுக்கிறார்களோ அந்த ஆசைப் பொருளையே அகற்றிவிட்டால் கொடுப்பவன் கை தானே ஓய்ந்துபோகும் என்று தலைவர் கண்டார். அபிமானிகளின் பிடியிலிருந்து கலாசாலையை மீட்க வேறு மருந்து இருந்ததாக நமக்குத் தோன்றவில்லை.

அவர் விளையாட்டின் பகைவரல்லர் என்பதற்கு அத்தாட்சி பின்னால் கிடைத்தது. மூன்று பருவங்கள் ஆட்டமில்லாமல் கழிந்தபின், அவருடைய தலைமையிலேயே 1985-ல் கோஷ்டி மீண்டும் அமைக்கப்பட்டது. அதே கலாசாலையில் பயின்று ஆடிய ஜிம் பிரோவெல்லி பயிற்சியாசிரியராக அழைக்கப்பட்டார். தேசியப் பந்தயத்தில் மறுபடியும் கால்வைக்க 1998 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு 2022-ல் மீண்டும் இடம் கிடைத்தது. முதல் ஆட்டத்திலேயே தோல்வி. 1956-க்குப் பின் அக்கலாசாலை தேசிய வெற்றியை எட்டியதில்லை.

இதற்கிடையே காலம் மாறிவிட்டது. 2021 முதல் அமெரிக்க மாணவ ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் பெறலாம் என்று அனுமதிக்கப்பட்டது. 2025-ல் நீதிமன்றம் அங்கீகரித்த உடன்படிக்கையின்படி, கலாசாலைகளே நேரடியாக அவர்களுக்குப் பணம் கொடுக்கவும் இடம் ஏற்பட்டது. அப்படியானால் 1982-ல் நடந்தது குற்றமே அல்லவென்று ஆகிவிடுமா? அதனுள் ஒரு நியாயம் மறைந்திருந்ததை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மாணவர்களின் உழைப்பால் கலாசாலைகளும் சங்கங்களும் பெரும் பொருள் ஈட்டின. உழைத்தவர்களுக்கு, அவர்களிலும் பெரும்பாலோர் ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் பிள்ளைகள், பங்கு மறுக்கப்பட்டது. உழைப்பவனுக்குக் கூலி கொடுப்பது ஒருநாளும் பாபமாகாது. ஆனால், செய்யாத வேலைக்குச் சம்பளமென்று பொய்க்கணக்கு எழுதி, இளைஞன் ஒருவனைத் தன் கைப்பாவையாக்கிக்கொள்வது வேறு. சட்டம் மாறியதனால் கூலி நியாயமாயிற்று, பொய் நியாயமாகிவிடவில்லை. பகிரங்கமாகக் கொடுக்கும் பணத்துக்குக் கணக்கு உண்டு. மறைவில் கொடுக்கும் பணம், கொடுத்தவனை எஜமானனாகவும் வாங்கியவனை அடிமையாகவும் ஆக்குகிறது.

பொதுப்பணியில் இறங்கியிருக்கும் நம் இளைஞர்கள் இந்த வரலாற்றைத் தங்கள் ஸ்தாபனங்களுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுகிறோம். சங்கமானாலும் கட்சியானாலும், ஏழ்மையாக இருக்கும் காலத்தில் அதைக் காப்பாற்றுவது அதன் உறுப்பினர்களின் தோழமை. வெற்றியும் செல்வாக்கும் வந்தபின், வெளியிலிருந்து கை நீட்டும் அபிமானிகளின் உதவியில்லாமல் நடக்க முடியாதென்ற எண்ணம் பிறக்கிறது. அந்த எண்ணம் பிறந்த நாளிலேயே அழிவு தொடங்கிவிடுகிறது. அது வெளியே தெரிவதற்குத்தான் சில வருஷங்கள் ஆகின்றன. கொடுப்பவர் யார், எதற்காகக் கொடுக்கிறார் என்ற கேள்வியை, கஜானா நிரம்பும் நாளிலேயே கேட்டுக்கொள்ளும் ஸ்தாபனத்துக்கு, 1982-ல் அந்தக் கலாசாலை செலுத்திய விலையைச் செலுத்தும்படி நேராது.

ஓக்லஹோமாவில் ஹோட்டலைத் துறந்தவர்கள் மாணவர்கள். கோஷ்டியைத் துறந்தவர் முதியவரான ஒரு பாதிரியார். முன்னது சகோதரர்களின் மானத்தைக் காத்தது. பின்னது ஸ்தாபனத்தின் மானத்தை, பெரும்பகுதி இழந்தபின்னராயினும், மீட்டது. அறுபது தொடர் வெற்றிகளை 1973-ல் கலிபோர்னியாவின் மற்றொரு சர்வகலாசாலை கடந்து சென்றுவிட்டது. எண்களுக்கு இயல்பே அது. ஸான் பிரான்ஸிஸ்கோ கலாசாலை இவ்விரு தருணங்களில் நடந்துகொண்ட விதமோ, இன்றும் எடுத்துச் சொல்லத்தக்கதாக இருக்கிறது.